நாண் இழுத்த பிறகு

ஏன் இன்னும் விடவில்லை, விட்டிருக்க வேண்டுமே, நாண் முகவாயைத் தொட்டாயிற்று, மூக்கு நுனியையும் தொட்டாயிற்று, இனி அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, மூன்று விரல்களையும் மறந்துவிட்டால் போதும், அம்பு தானே போய்விடும்... ஆனால் வில்லை இழுத்த அந்தத் தொப்பிக்காரி நின்றுகொண்டே இருந்தாள், திரையின் மூலையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன, அப்புறம்தான் விட்டாள். ஒன்பது. ஒன்பது நல்ல எண்தான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்த நிற்றல் இருக்கிறதே, அது யார் கண்ணுக்கும் படவில்லையா, அந்த மைதானத்தில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, ஒருவருக்குக்கூடவா? ஊசி அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காத்திருப்புக் கூடத்தின் சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். இன்சார்ஜ் அக்கா எப்போதும் சத்தத்தை நிறுத்தித்தான் வைத்திருப்பார், வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்தச் சத்தமும் எரிச்சல்தான் என்பார், அது உண்மைதான், காலையில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இந்தப் பக்கம் அவள் பஞ்சுருண்டைகளைத் தட்டில் அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். ஒரே ஒருவர். இன்று இன்சார்ஜ் அக்கா பக்கத்தில் நின்று பார்க்கப்போவது ஒரே ஒருவருக்கு ரத்தம் எடுப்பதை, முதல் குத்திலேயே வந்துவிட்டால் இந்த நாற்காலி அவளுடையது, வராவிட்டால் நாளையிலிருந்து கவுண்டரில் உட்கார்ந்து ரசீது போட வேண்டும்.

ரசீது போடுவது ஒன்றும் கேவலம் இல்லை, அதை அவளும் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. கவுண்டர் அண்ணன் நல்ல மனிதர், அவளுக்காக மேசை இழுப்பறையில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறார், நேற்று ஒரு குஷன்கூட வாங்கி வந்து போட்டுவிட்டார், இந்த நாற்காலி முதுகை முறிச்சிடும்மா, நான் பட்டுட்டேன், நீ படாதே என்றார். அந்தக் குஷனைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நீல நிறக் குஷன், நான்கு மூலையிலும் நாடா, அவள் தோற்றுப்போவாள் என்று இவ்வளவு அன்பாக ஒருவர் நம்பிவிட்டாரே... ரத்தம் எடுப்பது அவளுக்குப் பிடிக்கும், இதை வெளியே சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், ஆனால் பிடிக்கும். முன்பின் தெரியாத ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் கையை உங்கள் மடிக்கு நேரே நீட்டுகிறார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார், வேறு எந்த வேலையில் இப்படி ஒரு நம்பிக்கை சும்மா கிடைக்கும்? விரல் நுனியால் தடவினால் தோலுக்கு அடியில் நரம்பு லேசாகத் துள்ளும், கண்ணுக்குத் தெரியாததை விரல் பார்த்துவிடும், அந்த நொடி அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், பிடித்தது, ஆமாம், பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அந்த நொடிதான்...

எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு சம்பவம் இருந்தால் வசதியாக இருந்திருக்கும், அன்றைக்கு இன்னாருக்குக் குத்தும்போது இப்படி ஆயிற்று, அதிலிருந்துதான் என்று சுட்டிக் காட்டலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான்கு வருடம் ஊசி பிடித்தவள், ஒருநாள் நரம்பு விரலுக்கடியில் இருக்கிறது, ஊசி அதற்கு நேர் மேலே இருக்கிறது, இனி உள்ளே போவதுதான் பாக்கி என்று இருக்கும்போது போக முடியவில்லை. சுவர் மாதிரி ஏதோ ஒன்று. அதைத் தாண்டிப் போனால் ஊசி நரம்பின் பக்கவாட்டில் போயிற்று. அடுத்த நாளும் சுவர். பிறகு அந்தச் சுவர் வருவதற்குள் முந்திக்கொள்ளலாம் என்று அவளது கையே ஒரு தந்திரம் கண்டுபிடித்தது, நரம்பு சரியாகக் கிடைப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே குத்திவிடுவது, அதனால் சில நாள் தப்பித்தாள், சில நாள் அகப்பட்டுக்கொண்டாள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான், தூக்கம் இல்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, காதலா? வீட்டில் அண்ணன் தான் வேலை பார்க்கும் மெத்தைக் கடையிலிருந்து கொண்டுவந்த மாதிரித் துண்டுகள் கிடந்தன, பஞ்சுக்குள் ரப்பர் குழாயைச் செருகி அதில் குத்திப் பழகினாள், ஒரு தடவைகூடத் தவறவில்லை, கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் குழாய்க்குள்தான் போயிற்று. அப்புறம் ஒருநாள் பேருந்தில் வரும்போது ஃபோனில் எதையோ தேடி எதையோ கண்டுபிடிக்கிற மாதிரி இந்த வில்லாளிகளைக் கண்டுபிடித்தாள். அவர்களுக்கும் இருக்கிறதாம் இது. பெரிய பெரிய ஆட்களுக்கு. குறி இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் போய் உறைந்து நிற்குமாம், நடுவுக்கு நகராதாம், அல்லது வட்டத்தைத் தொட்டதுமே விரல் தானாகத் திறந்துகொள்ளுமாம். அப்படிப்பட்டவர்களை இலக்கு ஒட்டாத வெறும் வைக்கோல் பொதிக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தி மாதக்கணக்கில் அம்பு விடச் சொல்வார்களாம், பொதியில் ஒருபோதும் தவறாதாம், தாளில் வட்டம் வரைந்து ஒட்டியதும் மறுபடி அதேதானாம். இதைப் படித்தபோது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். மெத்தைப் பஞ்சு, வைக்கோல் பொதி... தனக்கு வந்திருப்பதற்கு உலகத்தில் இன்னொரு இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதே முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது.

அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவன் உடனே அதைத் தன் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு உலகமே விளையாட்டு மைதானம், நீச்சல்காரன் எப்படி எழுந்தான், ஓட்டக்காரி எப்படி விழுந்தாள், விழுந்தவள் எப்படி எழுந்தாள் என்று நாளுக்கு நான்கு காணொளி அனுப்புவான், பின்னணியில் முரசு அடித்துக்கொண்டே இருக்கும். காலை நான்கு மணிக்கு எழுகிறவன்தான் ஜெயிப்பான் என்று எழுந்துகொள்வான், மத்தியானம் கடையில் விற்பனைக்கு வைத்திருக்கும் மெத்தையிலேயே தூங்கிப்போவான், முதலாளி பார்த்துவிட்டால் கஸ்டமருக்கு டெமோ காட்டுறேன் சார் என்பான். நேற்றுகூடச் சொன்னான், "பாரு, அவங்களுக்கெல்லாம் பயமே இல்லன்னு நினைக்கிறியா, பயத்தை எரிபொருளா மாத்திக்கிறாங்க, அவ்வளவுதான்." அவள் கேட்டாள், "எப்படிண்ணா மாத்துறது?" அவன் கொஞ்சம் யோசித்தான், பாவம், உண்மையாகவே யோசித்தான். "அது அடுத்த பார்ட்ல வரும்" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் சிரித்ததற்குப் பிறகும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவன் அனுப்புவதை விட்டுவிட்டு முழுப் போட்டிகளாக, வெட்டாதவையாக. தொப்பிக்காரியை அப்படித்தான் தெரியும். ஒவ்வொரு அம்புக்கும் முன்னால் தொப்பியின் ஓரத்தைத் தொடுவாள், மூச்சைப் பாதி விட்டுப் பாதியை வைத்துக்கொள்வாள், வில்லைத் தூக்கும்போது அவளது தோள் மட்டும் கீழே இறங்கும். இவளும் செய்து பார்த்தாள், தொப்பி இல்லாததால் காதோரத்தைத் தொட்டாள், பாதி மூச்சை விட்டாள், தோளைக் கீழே இறக்கினாள், கவுண்டர் அண்ணன் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு காது வலியா என்று மாத்திரை கொண்டுவந்தார்.

"போன தடவை நீங்கதானே?" யாரோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள், பார்த்தால் பஸ் டிரைவர், மாதம் ஒருமுறை வருகிறவர். எத்தனையோ பேர் இருக்க இவரா? இவருக்கு நரம்பு ஆழம், கை பருமன், போன மாதம் மூன்று குத்து. "ரெண்டு வாரம் கை நீலமா கிடந்துச்சு, என் வீட்டுக்காரம்மா எவ அடிச்சான்னு கேக்கறாங்க, லேப்ல ஒரு பொண்ணுன்னு சொன்னேன், அதுல இன்னும் சந்தேகமாயிட்டாங்க." அவள் மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே கையை ஆட்டி மறுத்தார், "சும்மா சொல்றேன், கோவம்லாம் இல்ல, டிரைவருக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்." இன்சார்ஜ் அக்கா வரட்டும் சார், ஃபோனில் இருக்காங்க, வந்ததும் எடுத்துடலாம் என்றாள், தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே வியப்பாக இருந்தது. டிரைவர் திரும்பித் தொலைக்காட்சியைப் பார்த்தார். "என்ன ஓடுது, அம்பு விடுறதா, யாரு முன்னாடி?" சமம் சார் என்றாள், ஐந்து சுற்றும் முடிஞ்சிடுச்சு, சமம், இப்ப ஆளுக்கு ஒரே அம்பு, யாருது நடுவுக்குப் பக்கமோ அவங்க ஜெயிச்சாங்க. "ஒரே அம்பா, அடப்பாவமே" என்றார் டிரைவர், தன் சொந்தப் பிள்ளை அங்கே நிற்கிற மாதிரி.

முதலில் எதிராளி, நெட்டைப் பெண், இழுத்தாள், விட்டாள், எல்லாம் சட்டென்று, ஒன்பது. இனி தொப்பிக்காரி. தொப்பி ஓரத்தைத் தொட்டாள். தோள் இறங்கியது. வில்லில் மெல்லிய தகடு ஒன்று உண்டு, அம்பின் முனை முழுதாக உள்ளே வந்ததும் அது அம்பைவிட்டு நழுவி வில்லின் மேல் டிக்கென்று தட்டும், அந்தச் சத்தம்தான் விடலாம் என்பதற்கு அனுமதி, இவ்வளவு தூரத்தில் சத்தமில்லாத திரையில் அது கேட்கப்போவதில்லை, ஆனால் இவள் கேட்கக் காத்திருந்தாள், மூச்சைப் பாதி விட்டுக் காத்திருந்தாள், முனை தகட்டின் விளிம்பில் நிற்கிறது, இன்னும் ஒரு மயிரிழை, இன்னும் ஒரு... "ஏன் அந்தப் பொண்ணு விடாம நிக்குது" என்றார் டிரைவர், "பிரேக்ல காலை வச்சுக்கிட்டு ஆக்சிலேட்டரையும் மிதிக்கிற மாதிரி இருக்கே." வரவில்லை. தகடு நழுவவில்லை. தொப்பிக்காரியின் முகவாயில் ஏதோ துடித்தது, அண்மைக் காட்சியில் அது பெரிதாகத் தெரிந்தது, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று இவள் உள்ளுக்குள் சொன்னாள், உனக்கு முன்னால் இருப்பது மஞ்சள் வட்டம் இல்லை, சுவர். அப்புறம் தொப்பிக்காரி செய்ததுதான்... வில்லை மெதுவாகக் கீழே இறக்கினாள். அம்பை விடாமல், இழுத்த நாணைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். மொத்தமே இருபது நொடி, அதில் பாதி போய்விட்டது, உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒரே அம்பு, அதை அவள் திரும்ப வைத்துவிட்டாள். இது சரியில்லை, இதை நான் விடமாட்டேன் என்பதுபோல. மறுபடி தொப்பி ஓரம். மறுபடி இழுத்தாள். நொடி எண்கள் சிவப்பாகிவிட்டன, இப்போது தகடு நழுவியது, நழுவியிருக்க வேண்டும், விரல்கள் மலர்ந்தன. எட்டு.

"போச்சு" என்றார் டிரைவர். தோற்றுவிட்டாள். அவள் பஞ்சுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், தோற்றது வருத்தமாக இருந்தது, ஆனால் வருத்தத்துக்கும் அடியில் வேறு ஒன்று, அது என்ன? நான்கு மணிக்கு எழுவது, மூச்சு, தோள், பல்லாயிரம் அம்பு, அவ்வளவும் செய்து அந்த உயரத்துக்குப் போன பிறகும் அந்தச் சுவர் அங்கேயும் வந்து நிற்கிறது என்றால், ஏறிக் கடந்துவிடக்கூடியதாக அது இல்லையா, கூடவே வருமா, ஓய்வு பெறும் வரை வருமா? திரையில் நெட்டைப் பெண்ணைப் பயிற்சியாளர் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார், அவள் அவர் தோளுக்கு மேல் எங்கோ பார்த்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினாள், ஒரு தடவை, இன்னொரு தடவை, ஜெயித்தவள் எதற்காக இல்லை இல்லை என்று தலையாட்டுகிறாள், தன் அம்பு எப்படிப் போனது என்று அவளுக்கு மட்டும் தெரியுமோ... விளம்பரம் வந்துவிட்டது. அண்ணன் அனுப்பும் காணொளிகள் எல்லாமே இந்த இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும், கை மேலே உயர்வதோடு.

"ரெடியா?" இன்சார்ஜ் அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார், காதுக்குப் பின்னால் பேனா, கையில் ஃபோன் இன்னும் சூடாக இருக்கிற மாதிரி உதறினார். "இவரா? சரி, நல்லதுதான். நான் இங்க இல்லன்னு நினைச்சுக்க." எப்படி நினைப்பது, சோப்பு வாசனையோடு தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவள் கையுறை போட்டாள், ரப்பர் பட்டையைக் கட்டினாள், கையை மூடிக்கோங்க சார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், "நான் பாக்கமாட்டேன், எமன் வந்தாலும் இந்தப் பக்கம்தான் பாப்பேன்." விரலை வைத்தாள். இல்லை. இங்கே இல்லை, கொஞ்சம் கீழே, இல்லை, இது தசை, இது... கொழுப்பு, நரம்பு எங்கே, போன மாதம் இந்தப் பக்கம்தான், இன்சார்ஜ் அக்கா மூச்சு விடுகிறார், மூக்கில் லேசான விசில், இடப்பக்கம் தள்ளி, ஆழத்தில், இருக்கிறதா, இருக்கிறது, ரொம்ப ஆழத்தில் ஏதோ ஒன்று நாணுகிற மாதிரி விரலுக்கடியில் நகர்கிறது, இதுதானா, இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், பட்டையை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டலாம், திரும்ப முதலிலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லலாம், சொல்ல வாயெடுத்தால் அக்கா என்ன நினைப்பார், நிதானம் என்று நினைப்பாரா, பயம் என்று நினைப்பாரா, சுவர் வரப்போகிறது, வருகிறது, இதோ...

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கருஞ்சிவப்பாக, அமைதியாக, முக்கால் வரை வந்துவிட்டது. அவளது இடது கை குழாயைப் பிடித்திருந்தது, வலது கை ஊசியை அசையாமல் வைத்திருந்தது, எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி. கையைத் திறந்துக்கோங்க சார் என்றாள், பட்டையை அவிழ்த்தாள், பஞ்சை வைத்து ஊசியை எடுத்தாள். "முடிஞ்சதா?" டிரைவர் கண்ணைத் திறந்தார். "தெரியவே இல்லையே. இவ்வளவு நல்ல கையை வச்சுக்கிட்டு போன மாசம் ஏம்மா என்னைச் சல்லடை ஆக்கின?" இன்சார்ஜ் அக்கா சிரித்தார், சத்தமாகச் சிரிக்காதவர், தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நல்லா வந்துடுச்சு, நான்தான் சொன்னேனே, நடுவுல எல்லாருக்கும் ஒரு காலம் இப்படி வரும், எனக்கும் வந்துச்சு, அதுவா வரும், அதுவா போயிடும். டிரைவர் முழங்கையை மடக்கிக்கொண்டு எழுந்தார், வீட்டுக்காரம்மாகிட்ட இன்னிக்கு எவளும் அடிக்கலன்னு தைரியமா சொல்லலாம் என்றபடி வெளியே போனார். அவள் குழாயைத் தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தி, சாய்த்து நிமிர்த்தி, உள்ளே ரத்தம் மெதுவாகப் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் எங்கே? வர வேண்டியது வந்துவிட்டது, நாற்காலி அவளுடையது, குஷனைக் கவுண்டர் அண்ணன் வேறு யாருக்காவது போட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஊசி எப்போது உள்ளே போனது? விரலுக்கடியில் ஏதோ நகர்ந்தது, இதுதானா என்று கேட்டாள், கேள்வி ஞாபகம் இருக்கிறது, அப்புறம் ரத்தம் ஞாபகம் இருக்கிறது. நடுவில்? நடுவில் ஒன்றும் இல்லை. வழுவழுப்பான ஒரு வெற்றிடம், ஓடுகிற படத்தில் நாலைந்து சட்டகங்களை யாரோ வெட்டி எடுத்துவிட்ட மாதிரி. அவள் முடிவெடுக்கவில்லை, நரம்பு இதுதான் என்று உறுதியாகத் தெரியவும் இல்லை, கை எங்கேயோ குத்தியது, நரம்பு அங்கே இருந்தது, நல்ல நேரம். கால் அங்குலம் இந்தப் பக்கம் போயிருந்தால்?

"அப்ப ஒண்ணு பண்ணு," இன்சார்ஜ் அக்கா தட்டில் கிடந்த ஊசி உறையை எடுத்துக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, ஏற்கெனவே வேறு எதையோ யோசிக்கிற குரலில் சொன்னார், "மேல் மாடியில குழந்தைங்க ரூமுக்கு ஆள் இல்லாம கஷ்டப்படறாங்க, திங்கக்கிழமையில இருந்து நீ போயிடு. உன் கை மெல்லிசு, பிள்ளைங்களுக்குச் சரியா இருக்கும்." குழந்தைகள். பிறந்து பத்து நாள், இருபது நாள், நூல் மாதிரி நரம்பு, அழுகை, பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற அம்மா. அவர் கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டார், அந்தக் கதவு திறந்து மூடினால் எல்லாம் முடிந்துவிடும், எல்லாருக்கும் நிம்மதி, அண்ணன் இதை வைத்து ஒரு வாரம் பேசுவான், பாத்தியா, நான் சொல்லல... வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும்.

"அக்கா."

"என்ன?"

"அடுத்த ஆளுக்கு எடுக்கும்போதும் பக்கத்துல நிக்கறீங்களா?"

"எதுக்கு? இப்பதான் பாத்தேனே, தங்கமா வந்துச்சு."

"நீங்க ரத்தம் வந்ததைத்தான் பாத்தீங்க அக்கா," என்றாள், சொன்ன பிறகுதான் இது எவ்வளவு மரியாதைக் குறைவாக ஒலிக்கிறது என்று தெரிந்தது, ஆனால் திரும்ப எடுக்க முடியாது, எடுக்கவும் தோன்றவில்லை. இன்சார்ஜ் அக்கா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். கோபமா, குழப்பமா, பேனாவைக் காதிலிருந்து உருவி மறுபடி காதிலேயே செருகினார். வெளியே கவுண்டர் அண்ணன் அடுத்த எண்ணைக் கூப்பிடுவது கேட்டது, செருப்புச் சத்தம் ஒன்று எழுந்து இந்தப் பக்கமாக வர ஆரம்பித்தது. "சரி, நிக்கறேன். நின்னு எதைப் பாக்கணும்? கை நடுங்குதான்னா?" இல்லை, நடுக்கம் இல்லை, எதைப் பார்க்கச் சொல்வது, அவளுக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சுட்டிக் காட்டுவது, செருப்புச் சத்தம் கதவருகே வந்துவிட்டது, அவள் அந்த வெட்டுப்பட்ட இடத்தைத் தன் தலைக்குள் தடவித் தடவித் தேடினாள், ஓரங்கள் மட்டும்தான் அகப்பட்டன.

"ஊசி உள்ள போகும்போது," என்றாள், "நான் பாத்துக்கிட்டு இருக்கேனான்னு பாருங்க அக்கா."